“அடுத்த யூடி எப்போ அக்கா?”

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பல வருஷமாக ஒரு ரைட்டர் அக்காவின் வாசகி. குடும்பக் காதல் கதைகள் எழுதுபவர். ஆன்லைனில் தொடராக எபி, அதாவது எபிசோட் போடுவார் (புது எபி வருவதைத்தான் யூடி, அப்டேட், என்போம்), கதை முடிந்ததும் அமேசானின் கிண்டிலில் மின்புத்தகமாக வரும், அதற்கப்புறம் அச்சுப் புத்தகம். பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன், அது அவர் கேட்டுக்கொண்டது. “பேரைப் போட்டா விளம்பரம்னு சொல்லுவாங்க கண்ணு, பேரு இல்லாமயே எழுது” என்றார். எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார், எங்கள் கொங்குப் பக்கத்துக்காரர்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அவள் வேறொரு ரைட்டரைப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டி, “அவங்க எனக்கு ரிப்ளை பண்ணிட்டாங்கக்கா!” என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம். ஆனால் அடுத்த சில நாட்களிலேயே, “நேத்து மெசேஜ் போட்டேன், பார்த்துட்டு பதில் சொல்லலைக்கா” என்று வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நான் சொன்னவற்றை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிடித்த ரைட்டர் நம்மோடு பேசவும் செய்கிறார் என்பது பெரிய கொடுப்பினை. அது நீடிப்பதும் கசந்துபோவதும் பாதிக்குமேல் நம் கையில்தான் இருக்கிறது.

என் அம்மா ரமணிசந்திரன் நாவல்களை வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்து அடுப்படியில் நின்றபடியே படித்தவர். அருணோதயம் வெளியீடு என்று அட்டையைப் பார்த்தாலே யாருடைய கதை என்று எங்களுக்கும் தெரிந்துவிடும். அம்மாவுக்கு ஒரு பத்திரிகைத் தொடர் மிகவும் பிடித்துப்போய், அதை எழுதியவருக்குப் பத்திரிகை முகவரியில் இன்லேண்ட் லெட்டர் போட்டார். பதில் வரவில்லை, வரும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. கதையை எழுதுகிறவர் எங்கோ இருக்கும் பெரிய மனுஷி, நாம் படிக்கிறவர்கள், அவ்வளவுதான் உறவு. எனக்கு அப்படி இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு எபியின் கீழே, “கதாநாயகி அப்பாவோட பழைய டிபன் பாக்ஸை ஏன் தூக்கிப் போடலைன்னு எனக்குப் புரிஞ்சது, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு” என்று எழுதினேன். பதினைந்து நிமிஷத்தில் பதில்: “அதை ஒருத்தராவது கவனிப்பாங்களான்னு நினைச்சிட்டே எழுதினேன் கண்ணு.” அன்றைக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

எதை எழுதினால் அவருக்குப் பயன் என்று அப்புறம் அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன். “சூப்பர் சிஸ்”, “நைஸ் எபி”, “அடுத்த பதிவுக்கு வெயிட்டிங்” எல்லாம் நல்லதுதான், யாரும் வரவில்லை என்ற கவலையாவது தீரும். ஆனால் எழுதுகிறவருக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. நேற்று எழுதிய அந்தக் கல்யாணப் பேச்சு இழுத்துவிட்டதா, மாமியார் திடீரென்று மாறியது ஒட்டுகிறதா, பிளாஷ்பேக்கை இங்கே வைத்தது சரியா. இதில் ஒன்றைத் தொட்டு ஒரு வரி எழுதினால் போதும். எந்த இடத்தில் கண் கலங்கியது, எந்த இடத்தில் வேகமாகத் தள்ளிப் படித்தோம் என்று சொன்னால் இன்னும் நல்லது. பெரிய விமர்சனம் எழுத வராது என்று தயங்க வேண்டியதில்லை. சைலண்ட் ரீடர்ஸ் என்று சொல்லும் கூட்டம்தான் எல்லா ரைட்டருக்கும் பெரிது. படிப்பார்கள், கதை முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்களில் ஒருவர் ஒரு முறை, “ரெண்டு வருஷமா படிக்கிறேன், இன்னைக்குத்தான் எழுதணும்னு தோணுச்சு” என்று போட்டதைப் பார்த்து அக்கா அழுதுவிட்டதாக எங்கள் குரூப்பில் சொன்னார்.

குரூப் என்றேனே, அது ஒரு வாட்ஸ்அப் குழு. ரைட்டர் தொடங்கியது இல்லை, வாசகிகள் நாங்களே ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துச் சேர்ந்தது, பிறகுதான் அக்காவும் வந்தார். எங்களில் பாதிப் பேருக்கு மற்றவர்களின் நிஜப் பெயர் சரியாகத் தெரியாது. கிள்ளான் அக்கா, யாழ்ப்பாணத் தங்கச்சி, தேனி டீச்சர், தோஹா அண்ணி என்று ஊரை வைத்துத்தான் கூப்பிடுவோம். என் பெண்ணுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் காலையில் முதலில் விசாரித்தது தேனி டீச்சர். ரைட்டர் மேல் வைத்த பாசம் இப்படி எங்களுக்குள்ளும் பரவியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் என்று நினைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ரைட்டரின் இன்பாக்ஸையே பார்த்துக்கொண்டிருக்காமல், கூடப் படிப்பவர்களிடமும் பேசிப் பழகுங்கள். ஒரு ரைட்டரால் ஆயிரம் பேருக்குத் தோழியாக இருக்க முடியாது. அந்த ஆயிரம் பேர் தங்களுக்குள் பழகிக்கொள்ளலாமே.

அவரை நேரில் பார்த்தது சென்னைப் புத்தகக் காட்சியில். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்துவது. அந்த வருஷம் அக்காவின் இரண்டு நாவல்கள் அச்சில் வந்திருந்தன, ஞாயிற்றுக்கிழமை ஸ்டாலில் இருப்பேன் என்று சொல்லியிருந்தார். நான் சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி காலையில் போய்ச் சேர்ந்தேன். கிள்ளான் அக்கா ஒரு கல்யாணத்துக்கு இந்தியா வந்தவர், அதற்காகவே இரண்டு நாள் தங்கினார். ஸ்டாலுக்கு வெளியே கூட்டத்தில் நின்று, “நீங்கதானே திருப்பூர்?” என்று ஒருவர் கேட்க, “நீங்க தேனியா?” என்று நான் கேட்க, அதற்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டோம்.

அக்கா நான் நினைத்ததைவிட உயரம் குறைவு, பேச்சும் குறைவு. எழுத்தில் அவ்வளவு கலகலப்பாக இருப்பவர், எங்களைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லார் கையையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டார். கையெழுத்துப் போடும்போதுதான் கவனித்தேன், வலது கட்டைவிரலில் தோல் நிறத்தில் ஒரு பட்டை சுற்றியிருந்தது. பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்து, கட்டைவிரலை ஒதுக்கியே எழுதினார். என்னாச்சு அக்கா என்றதற்கு, “போன்ல டைப் பண்றதுதான் கண்ணு, டாக்டர் கொஞ்ச நாளைக்கு விடச் சொல்றார்” என்றார். அவரிடம் அப்போது லேப்டாப் கிடையாது. நாங்கள் படித்த அத்தனை எபியும், பையனை டியூஷனில் விட்டுவிட்டு வண்டி மேல் உட்கார்ந்தும், சாதம் வேகும் நேரத்திலும், போனில் தமிழ் தட்டும் செல்லினம் ஆப்பில் ஒற்றை விரலால் தட்டியது. செல்லினம் என்றதும் கிள்ளான் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. “அது எங்க மலேசியா முத்து நெடுமாறன் செஞ்சது தெரியும்தானே?” என்று ஸ்டாலில் இருந்த எல்லாருக்கும் சொன்னார்.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்த பிறகு “யூடி எப்போ?” என்று அவர் இன்பாக்ஸில் கேட்க எனக்கு மனசு வரவில்லை. பொதுவில், எபிக்குக் கீழே, ஆசையாகக் கேட்பதில் தப்பில்லை, அவருக்கும் அது பிடிக்கும். தனியாக மெசேஜ் போட்டு, பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் மறுபடி போட்டு, “உடம்பு சரியில்லைன்னீங்க, ஆனா ஆன்லைன்ல இருக்கீங்களே” என்று கேட்பதுதான் தவறு. அப்படிக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். கெட்டவர்கள் இல்லை, பாசம்தான், ஆனால் அந்தப் பாசம் அவர் மேல் பாரமாக ஏறிவிடுகிறது. ஒரு எபி படிக்க நமக்குப் பத்து நிமிஷம், எழுத அவருக்கு மூன்று மணி நேரம், சில நாள் இன்னும் கூட.

பண விஷயத்துக்கு வருகிறேன், கணக்கு என் தொழில் என்பதால் இதை அவரிடம் விவரமாகவே கேட்டுத் தெரிந்துகொண்டேன். “கதையை முடிச்ச உடனே லிங்க்கைத் தூக்கிட்டாங்க, காசுக்கு ஆசை” என்று கோபப்படும் வாசகர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் 2016 கடைசியில் வந்தன. அதற்கப்புறம்தான் வீட்டில் இருந்தபடி எழுதும் பெண்கள் பலர் பதிப்பாளர் இல்லாமல் தாங்களே புத்தகம் போட வழி கிடைத்தது. சந்தா கட்டியவர்கள் புத்தகங்களைத் தனித்தனியாக வாங்காமல் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் புத்தகம் இருக்க வேண்டும் என்றால், அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதில் சேர்த்தால் குறைந்தது 90 நாள் அந்தக் கதை டிஜிட்டலாக வேறு எங்கும் இருக்கக் கூடாது, அச்சுப் புத்தகத்துக்குத் தடை இல்லை. 10 சதவீதம் வரைக்கும் மாதிரியாக வெளியே வைக்கலாம், முதல் சில எபிகளை மட்டும் விட்டுவைப்பது அதனால்தான். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றாலும் இதே திட்டத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 35தான். ஆக, லிங்க்கை எடுக்காமல் அவருக்கு வேறு வழி இல்லை.

சந்தாவில் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். நாம் புத்தகத்தை இறக்கி வைப்பதால் ரைட்டருக்கு எதுவும் கிடைக்காது. எத்தனை பக்கம் படித்தோம் என்பதை வைத்துத்தான் பணம், அதுவும் முதல் முறை படிக்கும்போது மட்டும். எங்கள் குரூப்பில் சிலர் அக்காவுக்கு உதவி என்று நினைத்து அவர் புத்தகங்களை எல்லாம் இறக்கி, திறக்காமலே வைத்திருந்தார்கள். இதைச் சொன்ன பிறகு உட்கார்ந்து படித்தார்கள். ரிவ்யூ எழுதுவதும் பெரிய உதவி. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் ஐந்து நட்சத்திரத்தோடு ஒரே மாதிரி இரண்டு வார்த்தை போட வேண்டாம், படிப்பவர்களுக்கு நம்பிக்கை வராது. ரைட்டரின் சொந்தக்காரர்களும் நெருங்கிய சிநேகிதிகளும் ரிவ்யூ போடுவதை அமேசான் ஏற்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். படித்து முடித்து, நமக்குத் தோன்றியதை, நம் வார்த்தையில் நாலு வரி எழுதினால் போதும்.

அப்புறம் பிடிஎஃப். புத்தகம் வந்த இரண்டாவது நாளே பிடிஎஃப் சுற்றத் தொடங்கிவிடும். ஒரு மெசேஜ் ஆப்பில் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன, ரைட்டர் பெயர்வாரியாக அடுக்கி வைத்திருப்பார்கள். இதில் மனசு வலிப்பது என்னவென்றால், அந்தக் குழுவில் இருப்பவர்களும் ரசிகைகள்தான். அதே ஆட்கள் இங்கே வந்து “லவ் யூ அக்கா” என்றும் எழுதுவார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் இதற்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. கதையைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை, எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு. ஆனாலும் ஒரு குடும்பப் பெண் வீட்டு வேலையும் எழுத்தும் பார்த்துக்கொண்டு எத்தனை பேர் மேல் புகார் கொடுப்பார்?

வாசகியாக நாம் செய்ய முடிந்தது கொஞ்சம் இருக்கிறது. அப்படி ஒரு லிங்க் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட்டோடு ரைட்டருக்குத் தனியாக அனுப்புங்கள். “பாருங்கள் இந்த அநியாயத்தை” என்று அந்த லிங்க்கையே பொதுவில் போடாதீர்கள், திட்டப் போகிறவர்களைவிட இறக்கப் போகிறவர்கள்தான் அதிகம். காசு கொடுத்து வாங்க வசதி இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அது உண்மை, நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தொடராக வரும்போதே இலவசமாகப் படிக்கும் வழி இருக்கிறது, முடிந்த கதையை மறுபடி ரீரன் போடும்போது படிக்கலாம், ஊர் நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் குரூப்பில் யாழ்ப்பாணத் தங்கச்சிக்கு அச்சுப் புத்தகங்களை நாங்கள் சேர்ந்து வாங்கி அனுப்பினோம். அவள் படித்து முடித்து அங்கே இன்னும் நாலு பேருக்குக் கொடுத்திருக்கிறாள்.

பாசத்தைக் காசாக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. ஒரு முறை அக்காவின் பெயரிலேயே, ஒரு எழுத்து மட்டும் கூடுதலாக வைத்து, அவர் நாவலின் அட்டைப்படத்தை முகப்பில் வைத்து ஒரு போலிக் கணக்கு வந்தது. வாசகிகளுக்குத் தனித்தனியாக மெசேஜ். அம்மாவுக்கு அவசர ஆபரேஷன், யாரிடமும் சொல்ல வேண்டாம், கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமா. தேனி டீச்சர் அனுப்பிவிட்டார். அனுப்பிய கையோடு மனசு கேட்காமல் என்னைக் கூப்பிட்டு, அக்கா அம்மாவுக்கு எப்படி இருக்காம் என்று விசாரித்தார். அந்த மெசேஜை அனுப்பச் சொல்லிப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரிக்கு வரி “டியர்” என்று இருந்தது, எங்கள் அக்கா யாரையும் டியர் என்று கூப்பிட்டதே இல்லை. உடனே 1930-க்குக் கூப்பிடச் சொன்னேன். இணையவழிப் பண மோசடிக்கான எண் அது, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். யூபிஐ ரசீதில் இருக்கும் யூடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பணப் பரிமாற்றத்தின் எண்ணை, கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அதைக் கேட்பார்கள். டீச்சருக்கு ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து அக்கா தன் ஒவ்வொரு கதையின் முதல் எபியிலும் “நான் யாரிடமும் இன்பாக்ஸில் பணம் கேட்க மாட்டேன்” என்று எழுதிவிடுகிறார். உங்கள் ரைட்டர் அப்படி எழுதவில்லை என்றால் எழுதச் சொல்லுங்கள்.

கருத்து வேறுபாடு வரும்போது என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஒரு கதையில் ஸ்பின்னிங் மில் முதலாளியின் மகன் ஹீரோ, மில்லுக்குத் தணிக்கைக்கு வரும் பெண் ஹீரோயின். ஏதோ சந்தேகத்தில் கல்யாண மண்டபத்தில், சொந்தக்காரர்கள் எதிரில், அவன் அவளை அறைந்துவிடுகிறான். மறுநாள் எபியில் மல்லிகைப்பூ வாங்கி வருகிறான், அவள் சிரித்துவிடுகிறாள். எபிக்குக் கீழே “செம”, “ஆன்டி ஹீரோன்னா இப்படித்தான்”, “கோபத்துலயும் காதல்” என்று வரிசையாக நிற்கிறது. எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி இருந்தது. எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்க்கும் பெண்கள், இருபது இருபத்திரண்டு வயசு, டீ டைமில் இந்தக் கதைகளைத்தான் படிக்கிறார்கள். அறைந்தவன் பூ வாங்கி வந்தால் சரியாகிவிடும் என்று அவர்கள் படிக்க வேண்டாமே.

பொதுவில் எழுதவில்லை. பொதுவில் எழுதியிருந்தால் அது அக்காவுக்கும் எனக்குமான பேச்சாக இருக்காது, இரண்டு கட்சியாகிவிடும். தனியாக, ஒரே மெசேஜில் எழுதினேன். “அவன் அறைஞ்சது கதைக்குப் பொருந்துதுக்கா, அவன் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன். ஆனா அவ மறுநாளே சிரிச்சது அவளுக்குப் பொருந்தலை. ஒரு வவுச்சர்ல கையெழுத்து இல்லைன்னு முதலாளியையே எழுந்து நிக்க வெச்சவ அவ. அவளா இதை இப்படி விட்டுடுவா?” அவ்வளவுதான். பெண்ணுரிமை பற்றி ஒரு பிரசங்கம் பண்ண ஆசையாகத்தான் இருந்தது, பண்ணவில்லை. ரைட்டரிடம் பேசும்போது கதாபாத்திரத்தின் பக்கம் நின்று பேசினால் காதில் விழும் என்பது என் அனுபவம். அவர்களுக்கு அந்தப் பெண் நம்மைவிட நெருக்கமானவள்.

சில நாள் பதிலே இல்லை. அடுத்த எபியும் வரவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி வந்தது: “முதல் எபியிலிருந்து எடுத்து மறுபடி படிச்சேன் கண்ணு. அவ அப்படிப் போகமாட்டா.” அதன் பிறகு கதை திரும்பியது. அவள் வேலையை விட்டு ஈரோட்டில் வேறு ஆடிட்டரிடம் சேர்ந்தாள், அவன் மண்டபத்தில் இருந்த அதே சொந்தக்காரர்கள் எதிரில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. கிண்டில் பதிப்பில் மல்லிகைப்பூ இல்லை. பல பேருக்குக் கோபம், ஜவ்வு மாதிரி இழுக்கிறார் என்று சிலர் படிப்பதையே நிறுத்திவிட்டார்கள், அக்கா அதையும் தாங்கிக்கொண்டார். கடைசியில் அவன் அம்மா வந்து கேட்டதும் அவள் திரும்பிப் போகிறாள், அந்த முடிவு எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை. அதையும் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. நாம் சொன்னதை ஒரு தடவை எடுத்துக்கொண்டார் என்பதற்காக ஒவ்வொரு கதையும் நம்மைக் கேட்டு நடக்க வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்தால், அவர் எழுத்தின் மேல் நமக்கு இருந்த ஆசை எங்கே போயிற்று?

இன்னொன்று, ரசிகைகள் படை. அக்காவின் ஒரு நாவலுக்கு யாரோ இரண்டு நட்சத்திரம் போட்டு, முதல் பாதி மெதுவாகப் போகிறது என்று எழுதியிருந்தார். எங்கள் ஆட்கள் சிலர் போய் அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். அக்கா குரூப்பில் ஒரே வரி போட்டார்: “அவங்க காசு கொடுத்துப் படிச்சவங்க, அவங்களுக்கு நானும் ரைட்டர்தான்.” அன்றோடு அது நின்றது. அவருக்காக யாரோடும் சண்டை போட வேண்டாம், வேறு ரைட்டரோடு ஒப்பிட்டு அவரை உயர்த்தவும் வேண்டாம். அந்த வேறு ரைட்டரும் இவரும் அநேகமாகச் சிநேகிதிகளாக இருப்பார்கள்.

ரொம்ப யோசித்துத்தான் அடுத்ததைச் சொல்கிறேன், சம்பந்தப்பட்டவர் சரி என்று சொன்னதால். எங்களில் ஒரு பெண், வீட்டில் அடி உதை. யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் நடுராத்திரியில் ரைட்டர் அக்காவுக்கு எழுதினார். அவர் கதைகளில் வரும் பெண்கள் எல்லாரும் எப்படியோ மீண்டுவிடுகிறார்களே, அந்த நம்பிக்கையில். அக்கா முழித்திருந்து விடியும்வரை பேசினார். பேசும்போதே தெளிவாகச் சொன்னாராம், “கதைன்னா ஒரு பத்தியில உன்னை வெளியே கொண்டாந்துருவேன். நிஜத்துல என்னால ஆகாது கண்ணு, ஆகறவங்ககிட்ட சொல்லு.” பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கொடுத்தார், காலையில் கூப்பிட்டாயா என்று விசாரித்தார், அங்கிருந்து மாவட்டத்தில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் சகி மையத்துக்குப் போகும்வரை தொடர்பில் இருந்தார். அந்தப் பெண் இப்போது தன் அம்மா வீட்டில் இருக்கிறார், வேலைக்குப் போகிறார்.

அவர் நன்றாக இருக்கிறார் என்பதில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. ஆனால் அக்கா அதற்கப்புறம் மூன்று வாரம் எழுத முடியாமல் கிடந்தார் என்பது குரூப்பில் பல பேருக்குத் தெரியாது. நம் வீட்டுக் கஷ்டத்தை அவரிடம் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வேறு யார் இருந்தார்? ஆனால் மாமியாரோடு மனஸ்தாபம், வீட்டுக்காரர் பேசவில்லை என்பதையெல்லாம் தினமும் கொண்டுபோய்க் கொட்டும் இடமாக அவரை ஆக்கிவிடாதீர்கள். அவருக்கும் மாமியார் இருக்கிறார்.

நிஜமாகவே அந்த மாமியாருக்குப் பக்கவாதம் வந்து, கதை பாதியில் நின்று, பல மாதம் யூடி இல்லாமல் போனது. திரும்பி வந்தபோது இனிமேல் வாரம் ஒரு எபிதான், பதில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று சொன்னார். “பெரிய ஆளாயிட்டாங்க” என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரும் பதில்கள் முன்னைவிட நீளமாக இருக்கின்றன, அவசரம் இல்லாமல் இருக்கின்றன, கட்டைவிரலுக்கும் ஓய்வு. ஆபீஸ் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். உன் ரைட்டர் எந்த நாளில், எவ்வளவு பேசுகிறார் என்று ஒரு மாதம் பார், அதற்குத் தக்கபடி நீ பேசு, அவர் பதில் சொல்லாத நாளில் அவருடைய பழைய கதை ஒன்றை எடுத்துப் படி.

அக்காவின் அடுத்த கதை சென்னிமலையில் நடக்கிறது, பெட்ஷீட் நெய்யும் ஒரு குடும்பம். தறி பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று குரூப்பில் கேட்டிருந்தார். இதுவரை ஒரு கமெண்ட்கூடப் போடாத ஒரு சைலண்ட் ரீடர், சென்னிமலைக்காரர், அப்பா இப்போதும் நெய்கிறவர், ஓடும் தறியின் சத்தத்தோடு வரிசையாக வாய்ஸ் நோட் அனுப்பிக்கொண்டிருக்கிறார். பாவு எப்படி ஓட்டுவார்கள், இழை அறுந்தால் என்ன செய்வார்கள், கூலி எப்படி என்று எல்லாம் அதில் இருக்கிறது. தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு முதல் எபி. மொத்தமாகச் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று யாரும் இருந்துவிடாதீர்கள், கதை முடிந்த சில நாளில் லிங்க்கை எடுத்துவிடுவார்.